சுருள்வில்லும் அதை அடக்கும் எண்ணெயும்

1676ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூல் ஒன்றின் இறுதியில் இராபர்ட் ஹூக் 14 எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டு வைத்தார். அவற்றில் சொல் எதுவும் இல்லை. தாம் கண்ட உண்மையை வேறொருவர் முந்திக்கொண்டு தமதென்று சொல்லிவிடக் கூடாது, அதே வேளையில் அதை அப்போதே வெளிப்படுத்தவும் வேண்டாம் என்று எண்ணிய அக்கால அறிஞர்கள் கையாண்ட வழி அது. 1678இல் புதிரை அவரே அவிழ்த்தார். மீட்சியுள்ள பொருளை எவ்வளவு நீட்டுகிறோமோ அந்த அளவுக்கு அது திருப்பி இழுக்கும் என்பதே அந்த எழுத்துகளுக்குள் ஒளிந்திருந்த உண்மை. பள்ளிப் பிள்ளைகள் இன்று அதை ஹூக் விதி என்று ஒரே வரியில் படித்துக் கடந்துவிடுகிறார்கள்.

சாலையில் ஓடும் கார்களின் சுமையை அந்த விதிதான் தாங்குகிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவான சான்ட்ரோவை எடுத்துக்கொள்வோம். இருபது அகவை கடந்த சான்ட்ரோக்கள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுருள்வில்லும், அதன் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு குழாயுமாகச் சேர்ந்த தாங்குகால் நிற்கிறது. பட்டறையில் அதை ஸ்ட்ரட் என்பார்கள். பலர் பொதுவாக ஷாக் அப்சார்பர் என்றே சொல்லி முடித்துக்கொள்வார்கள். அந்தக் குழாய் தளர்ந்துவிட்டால் காரின் இயல்பே மாறிவிடுகிறது. மாற்றம் மிக மெல்ல நிகழ்வதால் அன்றாடம் ஓட்டுபவருக்கு அது கடைசியில்தான் தெரியும். ஆண்டுக்கொரு முறை ஊரிலிருந்து வந்து ஏறும் உறவினர்தான், “என்னங்க, வண்டி இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?” என்று முதலில் கேட்பார்.

வில் மட்டும் இருந்து குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம். முன் சக்கரம் ஒன்றின் வில் சுமக்கும் நிறை 250 கிலோ என்றும், அந்த வில் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் விசை வேண்டும் என்றும் கொள்வோம். சிறு கார்களுக்குப் பொருந்தும் அளவுகள் இவை. விறைப்பை நிறையால் வகுத்து, இருமடி மூலம் எடுத்து, அதை இரண்டு பையால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.4 அலைவு என்று விடை கிடைக்கிறது. மேடு ஒன்றில் ஏறி இறங்கிய காரின் உடல் அந்தத் தாளத்தில் மேலும் கீழும் ஆடத் தொடங்கும். வடிவமைப்பாளர்கள் இந்த எண்ணைத் தெரிந்தேதான் தேர்கிறார்கள். நொடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வே மனித உடலை மிகுதியாக வருத்துவது. அரை அலைவுக்கும் கீழே போனால் குமட்டல் எடுக்கும். கடலில் கப்பல் செய்வது அதைத்தான். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட பகுதி நம் உடல் பொறுத்துக்கொள்ளும் பகுதி. ஆனால் எவ்வளவு இதமான ஆட்டமானாலும் ஒரு கட்டத்தில் அது நின்றாக வேண்டும். வில்லுக்கு ஆடத்தான் தெரியும்.

நிறுத்தும் வேலை எண்ணெயினுடையது. குழாய்க்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் தண்டு காரின் உடலோடும், குழாய் சக்கரத்தோடும் பிணைந்திருக்கின்றன. சக்கரம் ஏறும்போது தண்டு உள்ளே போகிறது. பிஸ்டனின் ஒரு பக்கத்து எண்ணெய் மறுபக்கம் போயாக வேண்டும். போவதற்கு இருக்கும் வழியெல்லாம் பிஸ்டனில் குடைந்த சிறு துளைகளும், அவற்றை மூடி நிற்கும் மெல்லிய எஃகு வட்டுகளுமே. கூழ் கிண்டும் கை அகப்பையை மெல்ல நகர்த்தினால் நோவதில்லை, விரைந்து கிண்டினால் கடுக்கிறது. எண்ணெயும் அப்படித்தான், தண்டு விரைய விரைய எதிர்ப்பைக் கூட்டுகிறது. வில் எதிர்ப்பது இடப்பெயர்ச்சியை. எண்ணெய் எதிர்ப்பது விரைவை. ஆட்டத்தின் ஆற்றல் துளைகளில் உராய்ந்து வெப்பமாகிக் குழாயின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் நெடுந்தொலைவு ஓடி நின்ற வண்டியின் தாங்குகால் சுடுவது அதனால்தான்.

ஏறும்போது காட்டும் எதிர்ப்பும் இறங்கும்போது காட்டும் எதிர்ப்பும் ஒரே அளவில் இருப்பதில்லை. சக்கரம் மேட்டில் மோதி மேலேறும்போது எண்ணெய் முரண்டு பிடித்தால் மோதல் முழுவதும் இருக்கைக்கு வந்துவிடும். எனவே அப்போது வழி சற்றுத் தாராளமாக விடப்படுகிறது. அமுங்கிய வில் விரியும்போதுதான் கடிவாளம் இறுகுகிறது. விரியும்போதைய எதிர்ப்பு அமுங்கும்போதையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பது வழக்கம். இந்த வேறுபாட்டை அமைத்துத் தருபவை அந்த எஃகு வட்டுகளே. எவ்வளவு விசையில் எவ்வளவு வளைய வேண்டும் என்று கணக்கிட்டு அடுக்கப்பட்ட அவற்றில் ஒன்று சோர்ந்தாலும் கணக்குத் தவறிப்போகும்.

எவ்வளவு எதிர்ப்புப் போதும் என்பதற்கும் இயற்பியலில் ஓர் அளவுகோல் உண்டு. தள்ளிவிட்ட பொருள் மறுபக்கம் ஒரு முறைகூடத் தாண்டாமல் விரைந்து அடங்குவதற்கு வேண்டிய தடையை மாறுநிலைத் தடை என்பார்கள். கார்களில் ஏறத்தாழ அதன் 30 விழுக்காட்டை வைக்கிறார்கள். முழுவதையும் வைத்தால் பயணம் கட்டை வண்டிப் பயணமாகிவிடும். 30 விழுக்காட்டுத் தடை உள்ள வண்டி 10 சென்டிமீட்டர் துள்ளினால், ஓர் அலைவு முடிந்து மறுபடி எழும்போது 1.4 சென்டிமீட்டர்தான் எழும். அதோடு ஆட்டம் தீர்ந்தது. எண்ணெய் கசிந்து தடை 10 விழுக்காட்டுக்குத் தேய்ந்துவிட்டால் அதே துள்ளல் 5.3, பிறகு 2.8, பிறகு 1.5 என்று இழுத்துக்கொண்டே போகும். மூன்று அலைவு ஓய இரண்டு நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் அந்த இரண்டு நொடியில் கார் 33 மீட்டர் போய்விடுகிறது. அந்தத் தொலைவு முழுவதும் சக்கரங்கள் சாலையை ஒரு கணம் அழுத்தியும் ஒரு கணம் நழுவவிட்டும் உருள்கின்றன. பிரேக்கை மிதிக்க நேர்வதும் வளைவு வருவதும் அந்தத் தொலைவில்தான் என்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் காரின் உடல் ஆடும் ஆட்டம். சக்கரத்துக்கென்று இன்னோர் ஆட்டம் உண்டு. அதைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை. கீழே டயர் என்ற விறைத்த வில், மேலே சுருள்வில், நடுவே முப்பது கிலோ அளவுக்குச் சக்கரமும் அதன் உறுப்புகளும் சிக்கி நிற்கின்றன. இந்தச் சிறு நிறை நொடிக்கு 10 முதல் 15 தடவை வரை துடிக்கவல்லது. உடலின் ஆட்டத்தையும் சக்கரத்தின் துடிப்பையும் ஒரே எண்ணெய்க்குழாய்தான் அடக்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். இந்தியச் சாலைப் பேராயம் 1988இல் வகுத்த நெறிப்படி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அந்த விரைவில் அதைக் கடக்க அரை நொடி ஆகிறது. ஓட்டுநரை மெல்லத் தூக்கி இறக்கி நினைவூட்டும் தாளம் அது. தெருவில் கொத்தனார் கைக்கு வந்தபடி பூசிய சிமென்ட் மேடோ நாற்பது சென்டிமீட்டர் அகலம்கூட இருப்பதில்லை. அதே விரைவில் சக்கரம் அதை நொடியின் பதினேழில் ஒரு பங்கில் தாண்டுகிறது. அந்த அடி உடலின் தாளத்தை விட்டுவிட்டு நேரே சக்கரத்தின் துடிப்பைத் தட்டி எழுப்புகிறது. பிஸ்டன் மிகுந்த விரைவில் குத்தப்படுகிறது. எண்ணெய்க்குழாய்களைக் கொல்வதற்கென்றே ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிடச் சிறந்த அமைப்பைக் கட்டிவிட முடியாது.

வில்லும் எண்ணெய்க்குழாயும் ஒரே தண்டில் சேர்ந்ததற்குப் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். 1891இல் இல்லினாயில் பிறந்த எர்ல் மெக்ஃபர்சன், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் கேடட் என்ற சிறு காரை உருவாக்கும் பொறுப்பில் இருந்தார். ஆயிரம் டாலருக்குள் விற்க வேண்டிய வண்டி என்பதால் உறுப்புகளைக் குறைப்பதே அவருக்கு இட்ட கட்டளை. அதுவரை முன் சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்திருக்க, வில்லும் அதிர்வடக்கியும் இடையில் தனித்தனியே நின்றன. மெக்ஃபர்சன் மேல் கையை நீக்கிவிட்டு, அதிர்வடக்கியின் குழாயையே கெட்டியாக்கிச் சக்கரத்தோடு இறுக்கி, அதன் தலையைக் காரின் உடலில் நட்டார். 1947இல் கேடட் கைவிடப்பட்டது. அவரும் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வெளிப்பட்ட ஃபோர்டு கான்சலும் செஃபிரும் அவருடைய அமைப்பை உலகறியச் செய்தன. மேல் கை போனதால் எஞ்சினுக்கு இருபக்கமும் இடம் கிடைத்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன் சக்கரத்தைச் சுழற்றும் சிறு கார்கள் 1969இன் பியட் 128 முதற்கொண்டு இந்த இடத்தில்தான் வளர்ந்தன. 1983 திசம்பரில் வந்த மாருதி 800 இதே அமைப்பை இந்திய வீடுகளின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றில் வீட்டுப் பழுதுபார்ப்பவர் மறக்கக் கூடாத ஒரு செய்தி இருக்கிறது. பைக்கின் பின்புற ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் சக்கரம் தன் கையிலேயே தொங்கி நிற்கும். தாங்குகாலைக் கழற்றினால் சக்கரத்துக்கு மேற்புறப் பிடிப்பே இல்லை. தாங்குகால் அதிர்வை அடக்குவதோடு, எலும்பாக நின்று வளைவிலும் பிரேக்கிலும் வரும் பக்கவாட்டு விசையையும் சுமக்கிறது. அதன் தண்டு இருபது மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருப்பதும் அதற்காகவே. பக்க விசை தண்டை ஒரே புறமாகத் தேய்க்காதிருக்க, பல கார்களில் சுருள்வில்லின் அச்சைத் தண்டின் அச்சிலிருந்து சற்றுச் சாய்த்தே வைக்கிறார்கள். பழைய தாங்குகாலைப் பார்த்து, வில் கோணலாக உட்கார்ந்திருக்கிறதே என்று பலர் ஐயுறுவார்கள். பெரும்பாலும் அது கோளாறன்று.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. தண்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை கிழிந்தால் சாலை மணல் தண்டில் படிகிறது. குரோமியப் பூச்சில் மயிரிழைக் கீறல்கள் விழுகின்றன. அந்தக் கீறல்கள் ஆயில் சீலின் உதட்டை அறுக்க, எண்ணெய் மேலேறி வெளியே வருகிறது. கண்ணால் பார்த்துச் சொல்லும்போது ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். குழாயின் மேற்பகுதியில் மெல்லிய ஈரப்படலமும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால் அது இயல்பான வியர்ப்பு. சீலுக்கு அந்த வழவழப்புத் தேவை. எண்ணெய் கோடாக வழிந்து குழாயின் கீழ்ப்பாதிவரை நனைத்திருந்தால் அதன் காலம் முடிந்தது. காரின் மூலையைக் கையால் அமுக்கி விட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையும் உண்டு. முற்றும் செத்த குழாயை அது காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது. கை அமுக்கும் விரைவு மிகக் குறைவு, மூட்டுகளின் உராய்வே அந்த ஆட்டத்தை நிறுத்திவிடும். டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது அதைவிட நம்பத்தக்கது. சக்கரம் துள்ளித் துள்ளி உருண்டிருந்தால் ரப்பரில் இடைவெளி விட்டுவிட்டுப் பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குப் படாதது கைக்குத் தட்டுப்படும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்புறத்தில் வில் முறுக்கேறி விடுபடும் ‘டங்’ என்ற ஒலி வந்தால், தாங்குகாலின் தலையில் உள்ள பேரிங் இறுகிவிட்டது என்று பொருள்.

பழைய குழாயை அறுத்து எண்ணெய் ஊற்றி மறுபடி பற்றவைத்துத் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். எண்ணெய் புதிதாகலாம், தேய்ந்த தண்டும் சோர்ந்த வட்டுகளும் பழையவைதானே? நைட்ரஜன் வளி அடைத்த குழாயாக இருந்தால் அந்த அழுத்தமும் போயிருக்கும். விரைந்து ஆடும் எண்ணெயில் நுரை எழாமல் காப்பது அந்த வளிதான். புதியது கிடைக்கும் காருக்கு இந்தச் சிக்கனம் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இனி வேலைக்கு வருவோம். இதை வீட்டிலேயே செய்யலாம் என்றே சொல்வேன். ஆனால் முழுவதையும் அன்று. எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி புதையும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். தூக்கியபின் காரின் எடையை ஜாக்கியில் விடாமல் உறுதியான ஸ்டாண்டுக்கு மாற்றுவது கட்டாயம். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் விரிசல் விடுவதை முன்கூட்டிச் சொல்வதில்லை, ஒரே கணத்தில் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றினால் தாங்குகாலின் அடி கண்ணெதிரே இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் கணுவோடு அதை இரண்டு தடித்த போல்ட்டுகள் பிணைத்திருக்கும். கழற்றுமுன், கணுவும் தாங்குகாலும் சேரும் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தத் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளியே சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கிறது. திரும்பப் பூட்டும்போது அதே சாய்வுக்கு அருகில் வர அந்தக் கோடு உதவும். பிரேக் குழாயும் உணரி கம்பி இருந்தால் அதுவும் தாங்குகாலில் ஒரு பிடியில் சொருகப்பட்டிருக்கும். அவற்றை முதலில் விடுவிக்க வேண்டும். பிறகு துரு. நாகை, தூத்துக்குடி, சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் ஓடிய வண்டி என்றால் நட்டும் போல்ட்டும் உப்புக்காற்றில் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்ததுபோல் இறுகியிருக்கும். கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் தெளித்து, முதல் நாள் மாலையே ஊறவிடுவது நல்லது. அடுப்பு வைத்துச் சூடேற்றும் பட்டறை உத்தி இங்கே கூடாது. பக்கத்திலேயே ரப்பரும் எண்ணெயும் அழுத்த வளியும் இருக்கின்றன. போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். சில கார்களில் போல்ட்டின் கழுத்தில் வரிப்பற்கள் இருக்கும். தலையைத் திருப்பினால் அவை துளையைக் குடைந்துவிடும். நட்டை முழுவதும் எடுத்துவிடாமல், போல்ட்டின் முனையோடு சமமாக நிறுத்தி அதன்மேல் சுத்தியலால் தட்டினால் மரை நசுங்காமல் போல்ட் பின்வாங்கும்.

போல்ட்டுகள் இரண்டும் வெளிவந்த அந்தக் கணத்தில் கணு வெளிப்பக்கமாகச் சாயும். அதைத் தடுக்க ஆள் இல்லாவிட்டால் கணுவின் எடை முழுவதையும் பிரேக் குழாய் சுமக்க நேரிடும். எஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டின் உள்மூட்டும் தன் குடத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். கட்டுக்கம்பியால் கணுவை உடலோடு முன்கூட்டியே கட்டிவைப்பது எளிய காப்பு. கடைசியாக பானெட்டைத் திறந்தால், தாங்குகாலின் தலையைச் சுற்றிச் சிறு நட்டுகள் தெரியும். ஒரு கை கீழே தாங்குகாலைத் தாங்க, மறு கை அவற்றைக் கழற்றினால் தாங்குகால் முழுதாகக் கையில் வந்துவிடும்.

சிறு நட்டுகளின் நடுவே பெரிதாக ஒரு நட்டு இருக்கும். அதை மட்டும் தொடவே கூடாது. சுருள்வில்லை அடக்கி வைத்திருப்பது அந்த ஒற்றை நட்டுதான். நாம் முதலில் கண்ட ஹூக் விதி இங்கே பல்லைக் காட்டுகிறது. தாங்குகால் வண்டியிலிருந்து கழன்று தரையில் கிடக்கும்போதும் வில் தன் இயல்பு நீளத்தில் இருப்பதில்லை. பல சென்டிமீட்டர் குறுக்கப்பட்டே இருக்கும். நட்டைக் கழற்ற அதை இன்னும் சற்றுக் குறுக்க வேண்டும். மொத்தம் 12 சென்டிமீட்டர் என்று கொண்டால் வில் தள்ளும் விசை 2400 நியூட்டன். மூன்று நான்கு ஆள் எடை. அதில் தேங்கிய ஆற்றல் 144 ஜூல். ஒரு கிலோ கல் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் கணத்தில் கொண்டிருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவே. அது மொத்தமும் இரண்டு கிலோ இரும்பை எறிந்தால், அந்த இரும்பு மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் புறப்படும். முகம் அதற்கு நேரே குனிந்திருக்கும்போது விலகிக்கொள்ள நேரமில்லை.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று விற்கும் கருவி, இரு முனைகளிலும் கொக்கி வைத்த நீண்ட திருகு இரண்டு சேர்ந்தது. கொக்கிகளை வில்லின் சுற்றுகளில் நேரெதிராக மாட்டி, இப்பக்கம் இரண்டு சுற்று, அப்பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வில் வளைந்து கொக்கி வழுக்கும். மலிவான கருவியில் திருகின் மரை ஆழமில்லாமல் இருக்கும், கொக்கியைத் தடுக்கும் பூட்டு இருக்காது. நல்ல கருவி கையிலிருந்து, முன்பு ஒருவர் செய்யக் கண்டு பழகியவர் என்றால் செய்யலாம்தான். மற்றவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் தீர்ப்பு. கழற்றிய தாங்குகால்கள் இரண்டையும் ஒரு சாக்கில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, நிலைநிறுத்திய அமுக்குப்பொறி உள்ள பட்டறைக்குப் போனால், புதிய குழாயில் பழைய வில்லை மாட்டித் தருவது அவர்களுக்குச் சிறு வேலை. அங்கே போனதும் பொறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பியும் கயிறும் சுற்றி வில்லைக் கட்டி நட்டைத் தளர்த்தும் கடையாக இருந்தால் கூலி பேசாமல் திரும்பிவிடுங்கள்.

வில் கழன்றிருக்கும் அந்த நேரம் மற்ற உறுப்புகளை மாற்றவும் ஏற்ற நேரம். தலையில் இருக்கும் ரப்பர் பிடி, அதன் பேரிங், தண்டின் மேலேறும் முட்டு ரப்பர், மடிப்பு உறை ஆகியவற்றின் விலை குழாயின் விலையோடு ஒப்பிடச் சிறிது. அவற்றில் ஒன்று ஆறு திங்களில் கெட்டால் இத்தனை வேலையும் மறுபடி செய்ய வேண்டும். புதிய குழாயை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுவதும் அமுக்கி முழுவதும் இழுத்துச் சில முறை ஏற்றி இறக்க வேண்டும். கிடையாகக் கிடந்தபோது பிஸ்டனுக்கு அடியில் புகுந்த காற்று மேலேறி வெளியேறும். தொடக்கத்தில் தடுமாறும் தண்டு மெல்ல ஒரே சீரான எதிர்ப்புக்கு வருவதைக் கையே உணரும். தண்டு சுழலாமல் இருக்க குறட்டால் கவ்விப் பிடிப்பது பட்டறைகளில் காணும் கொடிய பழக்கம். குறட்டின் ஒரு பல் பட்ட தழும்பு போதும், புதிய சீல் சில திங்களில் கசியத் தொடங்கும். தண்டின் உச்சியில் சாவி நுழைய இடம் வைத்திருப்பதே அதற்காகத்தான். வில்லின் வால்முனை கீழ்க்கிண்ணத்தில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நட்டை இறுக்கச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான், நீட்டிச் சொல்ல வேண்டாம். போல்ட்டுகளின் இறுக்கத்தை மட்டும் கைத்தெம்புக்கு விடக் கூடாது. முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனரை இரவல் வாங்கியாவது உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நடு நட்டும் அடி நட்டுகளும் தாமே பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் புதியனவாகவே போட வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒருசேர மாற்றுவது தவிர்க்க முடியாதது. ஒரு பக்கம் 30 விழுக்காட்டுத் தடையும் மறுபக்கம் 15ம் வைத்து ஓடும் வண்டி பிரேக் பிடிக்கையில் ஒரு புறமாக இழுக்கும்.

வெள்ளைக் கோட்டைச் சரியாகப் பொருத்தியிருந்தாலும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். கோடு உதவுவது அந்தக் கடைவரை வண்டியை ஓட்டிப்போகத்தான். ஒரு டிகிரியில் ஒரு சிறு பகுதி தவறினாலும் புதிய டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் தேய்ந்துவிடும்.

கழற்றிய பழைய குழாய்கள் இரண்டும் எடைக்குப் போகும். எண்ணெய் கசிந்து செத்ததுபோல் தோன்றினாலும் அவற்றுள் எண்ணெயும் வளியின் அழுத்தமும் எஞ்சியிருக்கக் கூடும். பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுக்கும்போது, இதை நெருப்பு வைத்து அறுக்க வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் வளி இருக்கிறது என்று தவறாமல் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.